அடைத்த வாயில்



கடலில்லா நாடு நேபாளம். உப்பு முதல் பெட்ரோல் வரை இந்திய எல்லை கடந்தே அங்கு செல்லவேண்டும். ரக்சால் வாயில் அடைபட்டால் காட்மாண்டில் அடுப்பு அணையும். இதனை டில்லி ஆளவந்தார்கள் நன்கு அறிவர். தொல்லையே அதுதான்!

1950 ஜூலை 31-இல் நட்புறவு உடன்படிக்கை. நேபாளத்தின் சார்பில் கையொப்பமிட்டவர் பிரதமர் மோகன் சம்ஷேர். இந்தியாவின் சார்பில்? பிரதமரல்ல, தூதுவர்! அந்தப் புண் இன்றும் ஆறவில்லை. 1989-இல், வணிக ஒப்பந்தம் காலாவதியானதும், எல்லை வாயில்களிற் பெரும்பாலானவை மூடப்பட்டன.

2015 ஏப்ரலில் நிலநடுக்கம். ஏறத்தாழ ஒன்பதாயிரம் உயிர்கள் மாண்டன. இடிபாடுகளை அகற்றி முடிக்கவில்லை. செப்டம்பரில் புதிய அரசியல் சட்டம் வந்தது, லாரிகள் நின்றன! எரிவாயுவின்றி விறகு தேடியலைந்தனர் காட்மாண்டு மக்கள். மாதேசி மக்களின் மறியல், எமக்குப் பங்கில்லை என்றது டில்லி. மாதேசிகளின் குறை மெய்யானதே, மறுப்பாரில்லை. எனினும், மறியலில்லாத வாயில்களிலும் வண்டிகள் தயங்கியதேன்?

விளைவு யாது? 2016 மார்ச்சில் பிரதமர் ஒலி பெய்ஜிங் சென்றார். சீனத்தின் வழியே சரக்குக் கொண்டுவர ஒப்பந்தம் செய்தார். கொல்கத்தா எங்கே, தியான்ஜின் எங்கே! அத்தனை தொலைவிலுள்ள துறைமுகத்தை நாடி ஒருவன் கையொப்பமிடுகிறான் என்றால், அவன் நெஞ்சு எத்துணை வெந்திருக்கும்!

2019-இல் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் அமைத்துத் தந்தது இந்தியா. நற்செயல், பாராட்டுவோம். ஆனால் குழாயின் திருகு எவர் கையில் என்று நேபாளத்தான் கேட்டால், அவனைக் குறைகூற இயலுமோ?