சுழற்காற்றும் மறைத்த பெயரும்



இடிமழையோடு தரைதொட்டுச் சுழன்று வீட்டையும் மரத்தையும் பிடுங்கியெறியும் காற்றை அமெரிக்காவில் “டொர்னாடோ” என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே ஜனங்கள் பீதியடைவார்களென்று, 1880களிலிருந்து சுமார் ஐம்பது வருஷகாலம், அங்குள்ள சர்க்கார் வானிலை அறிக்கையில் அவ்வார்த்தையே வரக்கூடாதென்று தடுத்து வைத்திருந்தார்கள். பெயரை மறைத்ததால் காற்று வராமல் நின்றதா?

1948 மார்ச் 20ந் தேதி ஓக்லஹோமா மாகாணத்து டிங்கர் விமானப்படைத் தளத்தை முன்னறிவிப்பின்றி அக்காற்று தாக்கிற்று. விமானங்கள் பல நொறுங்கின. உடனே பாபுஷ், மில்லர் என்ற இரு அதிகாரிகள் பழைய குறிப்புகளை ஆராய்ந்தார்கள். தாழ்வில் மெக்சிக்கோ வளைகுடாவின் வெப்பமான ஈரக்காற்று, அதன்மேல் வறண்ட காற்று, உயரப்போகப்போகத் திசையும் வேகமும் மாறும் காற்று ஆகிய இவை ஒன்றுகூடினால் ஆபத்தென்று கண்டார்கள். 25ந் தேதி அதே அடையாளங்கள்! பிற்பகலில் எச்சரித்தார்கள், விமானங்களைப் பத்திரப்படுத்தினார்கள். மாலை 6 மணியளவில் சுழற்காற்று வந்தது, உயிர்ச்சேதமில்லை.

இதில் ஜோசியமேது, சகுனமேது? அதே தளத்தில் மறுபடி விழுந்தது தற்செயலே. ஆனால் அப்பிரதேசத்துக்கு ஆபத்துண்டென்று சொன்னது அளந்தறிந்ததன் பலன். இன்றைக்கும் எந்தத் தெரு, எந்த நிமிஷம் என்று வெகுநேரம் முன்னதாகச் சொல்ல முடியாது. ஆபத்து எவ்வளவு என்றே சொல்லுகிறார்கள். அதுவே யோக்கியமான அறிவு.

ஜனங்கள் பயப்படுவார்களென்று உண்மையை மறைப்பவன் ஜனங்களைக் காப்பவனாவானா? தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாதென்று சொல்லுங்கள் என்பதே நாம் கேட்பது.