வகுப்பறையில் ஒரு கணக்கேடு



வகுப்பில் எந்தப் பிள்ளை ஒழுங்காக நடந்துகொண்டது, எது குறும்பு செய்தது என்று கவனித்துக் குறித்துவைக்கும் காரியத்தை இந்நாளில் கைப்பேசிச் செயலிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் மிகவும் பிரசித்தி பெற்றது, சாம் சௌத்ரி, லியம் டான் என்னும் இருவர் 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய கிளாஸ்டோஜோ. அதிலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர்ணம் தீட்டிய குட்டிப் பூதம் ஒன்று உண்டு. அடுத்தவனுக்கு உதவினாலும் பாடத்தில் மனம் பதித்தாலும் உபாத்தியாயர் திரையைத் தொட, இனிய ஓசையோடு ஒரு புள்ளி ஏறுகிறது. அவர் விரும்பினால், ஒழுங்கு தவறியதற்காகக் குறையவும் செய்கிறது. வீட்டிலிருக்கும் தாய் தந்தையரும் தங்கள் கைப்பேசியில் அதைப் பார்க்கலாம்.

சாதனம் புதிதேயன்றி எண்ணம் புதிதன்று. சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கென ஏற்பட்ட விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திவந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், பிழைகளைப் பதிவதற்கென்றே கறுப்புப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். வாரந்தோறும் பள்ளி முழுவதும் கூடியிருக்க அதை விரித்து, மாணாக்கரையே நடுவராக அமர்த்தித் தீர்ப்புச் சொல்லச் செய்தார். 

இத்தகைய பதிவு பயன் தருவதில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1969-இல் அமெரிக்காவில் நான்காம் வகுப்பு ஒன்றை இரு கட்சிகளாகப் பிரித்து, இடம்விட்டு எழுவதற்கும் கேளாமல் பேசுவதற்கும் கரும்பலகையில் குறி இட்டுவந்தபோது, அவ்விரு பழக்கங்களும் வெகுவாகக் குறைந்தன. அறுபது பிள்ளைகளை ஒருவராய்ச் சமாளிக்கும் ஆசிரியருக்கு, தம் கண்ணில் அடிக்கடி படாத சாதுவான பிள்ளையையும் ஞாபகப்படுத்தும் கருவி ஓர் உபகாரமே.

ஆயினும், பரிசைப் பற்றி ஒரு பரிசோதனையை நான் மறக்க முடிவதில்லை. ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மழலையர் பள்ளியில், வர்ணப் பேனாக்களால் சித்திரம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட குழந்தைகளை மார்க் லெப்பர் முதலிய உளவியல் அறிஞர்கள் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், வரைந்தால் நற்சான்றுப் பத்திரம் கிடைக்கும் என்று முன்னதாகவே சொன்னார்கள். சிலருக்கு முன்னறிவிப்பின்றி அதையே அளித்தார்கள். எஞ்சியவர்களுக்கு ஒன்றும் தரவில்லை. சில நாட்கள் சென்றபின், பத்திரம் எதுவும் பேச்சில் இல்லாத சாதாரண வேளையில் மறைவாகக் கவனித்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட மிகக் குறைந்த நேரமே பேனாவைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களின் ஆசை குன்றவில்லை. 1973-இல் வெளியான இந்த முடிவைப் புள்ளி ஏற்றும் ஒவ்வோர் உபாத்தியாயரும் சிந்திக்க வேண்டும். தோழனுக்குப் பென்சில் கொடுத்த பிள்ளை உடனே திரையை ஏறிட்டுப் பார்க்கத் தொடங்கினால், கொடுப்பதில் அதற்கு இருந்த சுயமான சந்தோஷத்தை நாமே விலைபேசிவிட்டோம் என்றுதான் கொள்ள வேண்டும்.

இதைவிட என்னை வருத்துவது, புள்ளிகளைப் பெருந்திரையில் எல்லோரும் காண வைப்பது. வீட்டுத் துயரத்தாலோ நோயினாலோ தடுமாறும் பிள்ளையின் பூதம் மட்டும் கீழே கிடக்க, அதை முப்பது பேர் நாள் முழுவதும் பார்த்திருப்பது சிக்ஷை அன்றி வேறென்ன? கணக்கு ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இடையே இருக்கட்டும். பிள்ளையை அருகே அழைத்துத் தனியே சொல்லட்டும்.

பதிவு எத்தனை காலம் நிலைக்கும் என்பதும் கேட்கத்தக்கது. பெல்லின் புத்தகம் ஒரு பள்ளியின் அலமாரியோடு நின்றது. மின்பதிவுக்கு அத்தகைய எல்லை கிடையாது. 2014-இல் இதைப் பற்றிப் பலமான ஆட்சேபங்கள் எழுந்தபின், கிளாஸ்டோஜோ நிறுவனம் புள்ளிப் பதிவுகளை ஒரு பள்ளி ஆண்டுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று அறிவித்தது. நம் நாட்டிலும் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆகையால் உங்கள் குழந்தையின் பள்ளி இத்தகைய செயலியைக் கொண்டுவருமானால், பதிவை யார் யார் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் அழிப்பார்கள் என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.