வெள்ளம் வடிந்த பிறகு வருகிறவர்கள்

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும், சென்னையில் குவிந்த குப்பையை அள்ள வெளிமாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர்களை அழைத்து வந்தார்கள். பலருக்குக் கையுறையும் பூட்ஸும் கிடையாது. அழுகிய மெத்தைகளை வெறுங்கையால் தூக்கினார்கள். வெள்ள நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் வரலாம். 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில், சுத்தம் செய்யப் போனவர்களுக்கு அதற்கென்றே தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள்.

நம் பேஸ்மெண்ட்டில் சேறு அள்ள வருகிறவர்களும் தினக்கூலிகள்தான். காண்ட்ராக்டருக்கு நாம் தரும் செக்குக்கு வவுச்சர் இருக்கிறது. அவர் ஆளுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு இல்லை. வங்கியாக இருந்தால் ஆடிட்டர் விட்டிருக்க மாட்டார்! இனிமேல் கூலியை அன்றன்றே நம் பொருளாளர் முன்னிலையில் கொடுக்கச் சொல்வோம். மழைக்கு முன்பே பத்து ஜோடி பூட்ஸ், கையுறை வாங்கி வைப்போம். கிளப் ஹவுஸ் கழிப்பறையை அவர்களுக்குத் திறந்துவிட யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?