நினைவு திரும்பும் வழி

நூறு செயல்களிலே கவனம் வைத்து, இடையிடையே கேட்டவற்றைப் பிறழாது மீட்டுரைப்பதே சதாவதானம். 1907ஆம் ஆண்டு சென்னையில் செய்குத்தம்பிப் பாவலர் அதனை நிகழ்த்திக் காட்டினார்.

அத்தகையோருக்கும் மூளையில் தனி நினைவுப் பெட்டகம் இல்லை. கண்டவை மூளையின் பின்புறத்திலும், கேட்டவை செவியை அடுத்த பகுதியிலும் பதிகின்றன. சிறு குறிப்பொன்று கிடைத்ததும் ஹிப்போகாம்பஸ் என்னும் உட்பகுதி அவற்றை ஒருங்கே எழுப்ப உதவுகின்றது. நெற்றிப்புற மூளை வேண்டியதைத் தெரிந்தெடுக்கின்றது.

ஆதலால், எங்கள் கெலிஓயாவிலாயினும் வேறெங்காயினும், செய்யுள் வாராது திகைத்து நிற்கும் பிள்ளையைப் படிக்கவில்லையென்று கடிந்துகொள்வது முறையன்று. அச்சம் நெற்றிப்புற மூளையின் தொழிலைக் குலைக்கும். முதற்சீரை எடுத்துக் கொடுங்கள். எஞ்சியவை பெரும்பாலும் தாமே தொடர்ந்து வரும்.