பாராக்காரன் கூவாதபோது

தலைநகரிலும், பெங்களூர், புனே, ஐதராபாத் முதலிய நகரங்களிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மென்பொருள் எழுதும் இளைஞர் ஒருவரேனும் உண்டு. அவர்கள் நாள்தோறும் கையாளும் கருவியொன்றைப் பற்றி இன்று பேச விழைகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் எங்கேனும் தடுக்கி விழுந்தால், விழுந்த இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு உரியவருக்குச் செய்தி அனுப்பும் பிழைகாண் கருவியே அது.

இவ்வகையில் பெயர் பெற்றது 'சென்ட்ரி'. 2008ஆம் ஆண்டில் டேவிட் கிரேமர் என்பவர் 'ஜாங்கோ' என்னும் நிரற்சட்டகத்துக்காக எழுதிய சிறு துணைக்கருவியே அதன் வித்து. சென்ட்ரி என்றால் பாராக்காரன். பாராக்காரன் கூவினால் திருடன் வந்தான் என்றறிகிறோம். கூவாவிடில், திருடன் வரவில்லை என்றும் கொள்ளலாம். காவலன் உறங்கிவிட்டான் என்றும் கொள்ளலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?

முதற்கண், வேண்டுமென்றே ஒரு பிழையை உண்டாக்கிப் பார்த்தல் வேண்டும். செய்தி வந்து சேரவில்லையெனில், கருவிக்குத் தந்த முகவரியை நோக்குக. 'டி.எஸ்.என்.' எனப்படும் அம்முகவரி வெறுமையாக இருப்பின் கருவி முறையிடுவதில்லை; வாளாவிருந்துவிடும். சோதனைக் கணினியில் முகவரி இருந்து, மக்கள் பயன்படுத்தும் கணினியில் விடுபட்டுப்போதல் உண்டு. அடுத்து, கருவி எப்போது தொடங்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அது விழித்தெழுமுன் நேர்ந்த பிழையை அது அறியாது. ஆதலின் நிரலின் தொடக்கத்திலேயே அதற்கு இடமளித்தல் நன்று.

மூன்றாவது, பிழையைப் பிடித்து யாருக்கும் சொல்லாமல் விழுங்கிவிடும் நிரற்பகுதி. விழுங்கப்பட்ட பிழை, நாமே எடுத்துத் தந்தாலன்றிக் கருவிக்கு எட்டாது. நான்காவது, சில நொடிகளே ஓடி முடியும் சிறு நிரல்கள். செய்திகள் பின்னணியில் வரிசையாக அனுப்பப்படுவதால், அவை புறப்படுமுன்னே நிரல் முடிந்துவிடக்கூடும். முடியுமுன் வரிசையைத் தீர்த்து அனுப்புமாறு கட்டளையிடுதல் வேண்டும். ஐந்தாவது, வழித்தடை. அலுவலக வலையமைப்பின் காப்புச்சுவர் வெளித்தொடர்பை மறிக்கலாம். உலாவியிலுள்ள விளம்பரத் தடுப்பான், இதனையும் விளம்பரத்தோடு சேர்த்துத் தடுக்கலாம். நம் சொந்தச் சேவையகத்தின் வழியே செய்தியைச் செலுத்துவது இதற்கு மாற்று. ஒதுக்கீட்டு அளவு தீர்ந்துவிட்டால் 429 என்னும் விடையோடு செய்தி திருப்பப்படும் என்பதையும் நினைவிற் கொள்க.

செய்தி வந்தும் பொருள் விளங்காதிருத்தல் மற்றொரு தொல்லை. உலாவிக்கு அனுப்பும் நிரல் சுருக்கப்படுகையில் பெயர்களெல்லாம் ஓரெழுத்தாகிவிடும். மூலப்பிரதி இன்றி மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் இடர்ப்பாடு மொழிபெயர்ப்புத் தொழிலிலுள்ள நமக்குப் புதிதன்று. சுருக்கத்தை மூலத்தோடு பொருத்தும் வரைபடக் கோப்பை, அதே வெளியீட்டுப் பெயரில் ஏற்றிவைத்தால் இடர் நீங்கும்.

தில்லியிலிருந்து எழுந்த விதிகளும் இங்கே கருதத்தக்கன. மத்திய அரசின் 'செர்ட்-இன்' நிறுவனம் 28-4-2022 அன்று பிறப்பித்த கட்டளைப்படி, இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டும். கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இசைவிக்க வேண்டும். இந்திய நேரத்தைப் பேணும் அவ்வாய்வகம் இந்நகரின் பூசா பகுதியில் உள்ளது. இரு சேவையகங்களின் கடிகாரங்கள் ஐந்து நிமிடம் மாறுபட்டால், விளைவு முன்னதாகவும் காரணம் பின்னதாகவும் பதிவாகும். மேலும், 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எண்ணி, பயனரின் பெயர், தொலைபேசி எண், ஆதார் எண் ஆகியவற்றைச் செய்தி புறப்படுமுன்பே நீக்கிவிடுதல் கடமை.

இவை பொறியாளருக்கு மட்டுமே உரிய கவலைகள் அல்ல. ஊரிலுள்ள முதிய தாயார் ஒருவர் ஓய்வூதியப் படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்துகிறார், ஒன்றும் நிகழவில்லை. தம் கைதான் தவறியது என்றெண்ணி எழுந்துவிடுகிறார். அவர் முறையீடு எழுதமாட்டார். அவருக்காகப் பேச அந்தக் கருவி ஒன்றே உண்டு. ஆகவே ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் ஒரு பிழையை வலிந்து உண்டாக்கி, செய்தி வந்து சேர்ந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே பணி முடிந்ததெனக் கொள்ளுமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.