பனிக்காலத்தில் தரையில் நிற்கும் விமானம்

(கனடாவில் வாழும் பழைய மாணவிகள் இருவர் கிளிநொச்சி ஒன்றுகூடலில் வாசித்த உரை)



"பிளேன் ஓட்டுற கதையைச் சொல்லுங்கோ" என்று கேட்டுத்தான் எங்களை மேடைக்கு அழைத்தார்கள். பறப்பதைப் பற்றிச் சொல்ல எங்களிடம் அதிகம் இல்லை. ஒன்ராறியோவில் ஒரு சிறிய விமானத் திடலில், நாலு பேர் இருக்கக்கூடிய செஸ்னா 172 ஒன்றை வார இறுதிகளில் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறோம், அவ்வளவுதான். மார்கழி, தை மாதங்களில் பறக்கிற நேரத்தைவிடத் தரையில் செலவாகிற நேரம்தான் கூட. அந்தத் தரை வேலையைப் பற்றியே இன்று கதைக்கப் போகிறோம்.

நாங்கள் இங்கே படித்த நாட்களில் விமானச் சத்தம் கேட்டால் கொப்பியைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடினோம். இன்றைக்கும் இயந்திரத்தை முடுக்கும்போது முதல் நொடியில் வயிற்றைப் பிசையும். பழகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டோம்.

உங்களுக்கு மாரி என்றால் வெள்ளம். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது நீங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். வெள்ளம் வருவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். உறைபனி அப்படியல்ல. காற்றில்லாத தெளிந்த இரவில், வெளியே கட்டி நிற்கும் விமானத்தின் இறக்கையில் சீனி தூவியதுபோலப் படிந்திருக்கும். பார்க்க வடிவாகவும் இருக்கும். ஆனால் தச்சர் மரம் தேய்க்கிற தாளின் சொரசொரப்பு அளவுக்குப் படிந்தாலே இறக்கையின் தூக்குவிசை 30 சதவீதம்வரை குறையலாம், இழுவை 40 சதவீதம்வரை கூடலாம். அதனால் இறக்கை, வால், சுழலி இவற்றில் பனி ஒட்டியிருந்தால் மேலெழக்கூடாது என்பது கனடாவின் சட்டம். மென்மையான தும்புத்தடியால் கூட்டித் தள்ளுவோம். பிறகு கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் தடவிப் பார்ப்போம். கண்ணாடிபோன்ற பனிக்கட்டியைக் கண் காணாது, கைதான் காணும். சுடுதண்ணீர் ஊற்றுவதில்லை; அது வழிந்துபோய்க் கீல்களில் திரும்ப உறைந்து பிடித்துவிடும்.

முதல் வருடம் எங்களில் ஒருத்தி அப்படிக் கூட்டும்போது பனியில் வழுக்கி, விழாமல் இருக்கச் சுழலியை எட்டிப் பிடித்தாள். முன்பு ஓட்டியவர் சாவியைத் திருப்பி நிறுத்தாமல் போயிருந்தார். சுழலி அசைந்ததும் இயந்திரம் ஒருமுறை இருமி அடங்கியது. கடுங்குளிரில் பற்றிக்கொள்ளவில்லை, பற்றியிருந்தால் அவள் இன்று உங்கள் முன் நிற்கமாட்டாள். அதன்பிறகு சாவியைக் கழற்றி, கண்ணில் படுகிற இடத்தில் வைத்த பிறகுதான் விமானத்தின் முன்பக்கம் போவது. இன்னொன்று, உள்ளே வருகிற சூடு புகைக்குழாயைச் சுற்றி வருகிற காற்று. குழாயில் வெடிப்பு இருந்தால் மணமே இல்லாத காபன் மொனொக்சைட்டும் கூடவே வரும். தலையிடித்தால் சூட்டை நிறுத்தி யன்னலைத் திறக்கவேண்டும்.

1989 மார்ச் 10ஆம் திகதி ஒன்ராறியோவின் டிரைடனில் 69 பேருடன் ஒரு ஃபொக்கர் விமானம் பனி கொட்டக்கொட்ட நின்றது. அதன் துணை இயந்திரம் பழுது. பிரதான இயந்திரத்தை நிறுத்தினால் அங்கே மறுபடி முடுக்க வசதியில்லை. இயந்திரம் ஓடும்போது பனி நீக்க மருந்து அடிக்கக்கூடாது. ஒரு சின்னச் செஸ்னா வந்து இறங்கும்வரை இன்னும் காத்திருந்தது. பிறகு அப்படியே ஓடி எழுந்து, மரங்களுக்குள் விழுந்தது. 24 பேர் இறந்தார்கள். இறக்கையில் பனி கிடந்ததைப் பின்னால் இருந்த சிலர் கண்டிருந்தார்கள், உயிர்தப்பிய பணிப்பெண் உட்பட. விமானிக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்து ஒருவரும் வாய்திறக்கவில்லை. நீதிபதி மொஷான்ஸ்கியின் விசாரணை இதையெல்லாம் விரிவாகப் பதிவு செய்தது. எங்களுக்கு அந்த மௌனம் புதிதல்ல. பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வளர்ந்த பிள்ளைகள்தானே நாங்கள்.

போன தை மாதம் எல்லாம் சரிபார்த்து ஏறி இருந்துவிட்டோம். பின்னால் இருந்த பத்து வயது மகள், "அம்மா, வால் வெள்ளையா இருக்கு" என்றாள். அதைக் கூட்ட மறந்துபோனோம். நிறுத்தி இறங்கினோம். கூட்டி முடிப்பதற்குள் திரும்பவும் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அன்று பறக்கவில்லை. வாடகைக் காசு போனதுதான். வீட்டுக்கு வந்து இடியப்பம் அவித்தோம்.