எழுதப் பழக்குக!



1960 ஏப்பிரல் முதல் நாள், திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. 1953-இல் மறைந்த மங்கலங்கிழார் அந்நாளைக் காணவில்லை. ஆயினும் இப்பகுதியில் ஊர்தோறும் அவர் கற்பித்த தமிழே வடவெல்லை மீட்புக்கு வேராயிற்று.

இன்றோ, உயர்நிலைப் பள்ளி மாணவர் பிறர் எழுதிய கட்டுரையை நெட்டுருச் செய்து ஒப்புவிக்கின்றனர். நெட்டுரு மதிப்பெண் தரும், மொழித்திறம் தராது.

மலைக்கோயிலுக்கு 365 படிகள். நாளுக்கொரு படியென, கண்ணாற் கண்ட ஒன்றை ஐந்து வரிகளில் எழுதச் செய்யுங்கள். பூக்கட்டுவோர், நெசவாளர் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டச் சொல்லுங்கள். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, பாட்டி சொன்ன கதையைத் தமிழில் ஆக்கட்டும். பிழையைத் திருத்துங்கள், கருத்தை அவர்க்கே விட்டுவிடுங்கள்.

தான் கண்டதைத் தன் சொல்லால் எழுதும் பிள்ளையே தமிழுக்கு எல்லைக் காவல்!